சந்தா கட்டுபவரின் ஊர் எது?

பத்திரிகையாளர் மெஹ்தி ஹசன் அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியை விட்டுவிட்டு, சந்தா கட்டுபவர்களை நம்பி இணையத்தில் சொந்தமாக ஸெட்டியோ என்ற ஊடகத்தைத் தொடங்கியதை ஆரம்பத்திலிருந்தே கவனித்து வருகிறேன். திருகோணமலைப் பாலையூற்றில் ஏ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவன் நான். ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது, நழுவுகிறவரிடம் அதே கேள்வியை வார்த்தை மாற்றி எப்படித் திரும்பக் கேட்பது என்று காட்ட அவருடைய நேர்காணல்களைத்தான் வகுப்பில் போடுவேன். அதற்கு முன்னர் நெடுங்காலம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இங்கிருந்து செய்தி எழுதியிருக்கிறேன். அதனால் ஒருவர் பெரிய நிறுவனத்தை விட்டு வெளியேறினார் என்றதும் எல்லோரும் அவருடைய துணிச்சலைப் பற்றிக் கதைக்க, என் மனம் வேறொரு கேள்விக்குப் போய்விடும். இனி இவருக்குச் சம்பளம் கொடுக்கப்போவது யார்?

நடந்தது இதுதான். 2023 நவம்பர் நடுப்பகுதியில் இஸ்ரேலியப் பிரதமரின் ஆலோசகர் மார்க் ரெகெவை அவர் எம்எஸ்என்பிசி என்ற கேபிள் சேனலில் நேர்கண்டார். காசாவில் இடிபாடுகளுக்குள் இருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்டதும், ரெகெவ் சொன்ன பதிலும் உலகமெல்லாம் சுற்றி வந்தன. அந்த மாதக் கடைசியில் அவருடைய நிகழ்ச்சி நிறுத்தப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. நிகழ்ச்சி நேரங்களை மாற்றி அமைக்கிறோம் என்றது சேனல். பலர் அதை நம்பவில்லை. கருத்தாளராக வந்து போகலாம், மற்றவர்கள் லீவில் நிற்கும்போது நடத்தலாம் என்று அவருக்கு ஓர் ஓரம் ஒதுக்கியிருந்தார்கள். 2024 ஜனவரி 7ஆம் திகதி, கடைசி நிகழ்ச்சியிலேயே, முழுதாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். ஏப்ரலில் ஸெட்டியோ முறையாகத் தொடங்கியது.

அமெரிக்கக் கேபிளின் காசுக் கணக்கு எங்களுக்குப் பழக்கமில்லாதது. அங்கே ஒரு வீடு மாதம் ஒரு தொகை கட்டினால் நூற்றுக்கணக்கான சேனல்கள் சேர்ந்து வரும். மீன் கூறு வாங்குவது போல. பாரை வேண்டுமென்றால் கூடக் கிடக்கிற சூடையையும் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த மாதக் காசில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பங்கு போகிறது, அந்த வீட்டார் அதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அதற்கு மேல் விளம்பரக் காசு. ஆகவே கமராவுக்கு முன்னால் இருந்து கருத்துச் சொல்பவருக்குப் பின்னால் சேனல் நிர்வாகம் நிற்கிறது, அதற்குப் பின்னால் கேபிள் கம்பனி, அதற்குப் பின்னால் விளம்பரம் கொடுப்பவர். பார்க்கிறவர் கடைசியில்தான் வருகிறார்.

இந்த வரிசையை முதலில் பெரிய அளவில் உடைத்துக் காட்டியவர் அமெரிக்க வலதுசாரித் தொகுப்பாளர் கிளென் பெக். அவருடைய அரசியலுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2009 ஜூலையில், ஒபாமாவுக்கு வெள்ளையர்கள் மேல் ஆழமான வெறுப்பு இருக்கிறது என்று அவர் ஃபொக்ஸ் நியூஸில் சொன்னார். கலர் ஒஃப் சேஞ்ச் என்ற கறுப்பின உரிமை அமைப்பு பெக்கின் நிகழ்ச்சியில் விளம்பரம் செய்கிற கம்பனிகளோடு பேசத் தொடங்க, பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள் 20 லட்சத்துக்கு மேல் இருந்தும் நல்ல விளம்பரம் வரவில்லை. 2011 ஜூன் 30ஆம் திகதி அங்கிருந்து போனார். செப்டம்பரில் ஜிபிடிவி என்ற தன் இணையத் தொலைக்காட்சியில் தினசரி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் மாதம் 4.95 டொலர், எல்லாம் பார்க்க 9.95. தொடங்கும்போதே ஏறத்தாழ 230,000 பேர் சந்தா கட்டியிருந்ததாக அப்போது செய்தி வந்தது. குறைந்த கட்டணத்தை வைத்தே பெருக்கிப் பாருங்கள், மாதம் 11 லட்சம் டொலருக்கு மேல். பத்தில் ஒருவர் கூடவே வந்தால் போதும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்தப் பத்தில் ஒருவர் யார் என்பதுதான் என்னுடைய கவலை. அந்த நபர் ஏற்கெனவே பெக்கை விழுந்து விழுந்து நம்புகிறவர். மற்ற ஒன்பது பேரும் சும்மா சேனல் மாற்றிக்கொண்டு வரும்போது நின்று பார்த்தவர்கள், எரிச்சலோடு பார்த்தவர்கள், அப்பா போட்டதால் பார்த்த பிள்ளைகள். சந்தாவுக்கு மாறியதும் இந்த ஒன்பது பேரும் கழிந்துவிடுகிறார்கள். எதிர்க்கருத்து உள்ளவரும் கேட்கக்கூடிய இடத்தில் நின்று பேசியவர், தன்னுடைய ஆட்களோடு மட்டும் பேசுகிறவராக மாறுகிறார். பெக்குக்கும் இது புரிந்திருக்க வேண்டும். அடுத்த வருடமே தன் சேனலை தி பிளேஸ் என்ற பெயரில் டிஷ் செய்மதித் தொலைக்காட்சியில் ஏற்றினார். இன்னொரு வலதுசாரித் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சனும் 2023 ஏப்ரலில் ஃபொக்ஸ் அனுப்பிய பிறகு, அந்த வருடம் டிசம்பரில் மாதம் 9 டொலருக்குச் சொந்த வலையமைப்பைத் திறந்தார். இந்தியாவில் ஹிந்திச் செய்தித் தொகுப்பாளர் ரவீஷ் குமார் வேறு விதம். அதானி குழுமம் என்டிடிவியைக் கைப்பற்றுகிற நேரத்தில், 2022 நவம்பர் கடைசியில் விலகி, யூடியூபில் எல்லோருக்கும் திறந்து வைத்துப் பேசத் தொடங்கினார். எனக்கு அவர் வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் ஹிந்தியில் கேட்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அது ஓடும். தமிழில், அதுவும் கிழக்கு மாகாணத்தின் ஒரு மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு அது ஓடுமா?

ஸெட்டியோவுக்கு மாதம் 8 டொலர் என்றால் எங்கள் காசில் 2,400 ரூபாவுக்கு மேல். இங்கே ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். எனக்கு என் மச்சான் கனடாவில், ஸ்காபரோவில் இருந்து சந்தா கட்டித் தருகிறார். அவர் இல்லையென்றால் நானும் வெளியே வருகிற துண்டுக் காணொளிகளைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். மெஹ்தியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நிறைய விடயங்களை இலவசமாகவும் விடுகிறார். ஆட்களை வைத்து வேலை வாங்குகிறார், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டுதான் போகிறது.

அதற்குக் காரணம் எங்கள் நாட்டோடு சம்பந்தப்பட்டது. 2025 மார்ச் 6ஆம் திகதி அல் ஜசீராவில் ரணில் விக்கிரமசிங்கவோடு அவர் செய்த நேர்காணல் ஒளிபரப்பானது. லண்டனில் பார்வையாளர்கள் முன்னால் பதிவு செய்தது. எதிரே இருந்து கேள்வி கேட்டவர்களில் தமிழர் உரிமைகளுக்காகப் பேசும் மதுரா இராசரத்தினமும் இருந்தார். போரின் கடைசிக் கட்டத்தைப் பற்றி, பொறுப்புக்கூறல் பற்றி, ஆறு தடவை பிரதமராகவும் ஒரு தடவை ஜனாதிபதியாகவும் இருந்த ஒருவரிடம் அப்படி நேருக்கு நேர் கேட்டதை நான் எங்கள் தொலைக்காட்சிகளில் பார்த்ததில்லை. பட்டலந்தவைப் பற்றியும் கேட்டார். எண்பதுகளின் கடைசியில் ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சிக் காலத்தில் இளைஞர்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த வீடமைப்புத் தொகுதி அது. 1995இல் போட்ட ஆணைக்குழு 1998இல் அறிக்கை கொடுத்தது. தனக்குச் சம்பந்தமில்லை என்று ரணில் மறுத்தார். அறிக்கையே எங்கே என்கிற மாதிரி அவர் கதைத்ததும் பேச்சு நாடு முழுக்கப் பரவியது. ஒரு கிழமை கழிய, மார்ச் 14ஆம் திகதி, அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் அசையாமல் கிடந்த காகிதக் கட்டு!

அந்த நாட்களில் எங்கள் ஊர் அனுராதபுரச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் வேறு கதையே இல்லை. தமிழில் எழுத்துப் போட்ட துண்டுகள் வட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தன. அபயபுரப் பக்கத்துச் சிங்கள ஓட்டோக்காரர்கள் பட்டலந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் போரைப் பற்றிக் கேட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒரே காணொளி, இரண்டு காயம். சிங்களத் தாய் ஒருத்தியின் பிள்ளையும் இப்படித்தான் காணாமல் போனான் என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் சத்தமாகச் சொன்னதை அந்தக் கடையில் அன்றுதான் கேட்டேன். இது நடந்ததற்குக் காரணம் அந்தக் காணொளிக்கு யாரும் சந்தா கேட்காததுதான். எட்டு டொலர் வேலிக்குள் இருந்திருந்தால் கொழும்பில் சிலர் பார்த்திருப்பார்கள், ஓட்டோக்காரர் பார்த்திருக்க மாட்டார். சரி, அல் ஜசீராவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? கட்டார் அரசிடமிருந்து. கட்டார் தன் வீட்டுக்குள் அப்படி ஒரு நேர்காணலை நடத்த விடுமா என்பது வேறு கேள்வி. காசு கொடுப்பவர் யாருமில்லாத சுதந்திரமான பேச்சு என்று ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

நிலாவெளிப் பக்கம் ஒரு தம்பி யூடியூபில் அரசியல் பேசுகிறார். நல்ல பிள்ளை, வாசிக்கிறவர், பயமில்லாமல் பேசுகிறவர். முன்னர் ஒரு தொலைக்காட்சிக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டார். ஒரு நாள் உப்புவெளிக் கடற்கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது போனை என் கையில் தந்தார். எந்த நாட்டில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அதில் கோடு கோடாகத் தெரிந்தது. கனடா, இங்கிலாந்து, சுவிஸ், பிரான்ஸ். அதற்குக் கீழேதான் இலங்கை.

"அண்ணை, இங்க எத்தினை பேர் பாத்தாலும் காசு பெரிசா வராது. அங்க பாத்தாத்தான் வரும்" என்றார்.

அது உண்மை. யூடியூப் விளம்பரக் காசு பார்க்கிறவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. ரொறன்ரோவில் ஒருவர் பார்ப்பதற்கும் மூதூரில் ஒருவர் பார்ப்பதற்கும் விளம்பரக் கம்பனி ஒரே விலை கொடுக்காது.

"சுருக்குவலை மீன்பிடியைப் பற்றி ஒண்டு போட்டனீங்களே, அது எப்படிப் போனது?" என்று கேட்டேன்.

"அது படுத்திட்டுது அண்ணை. ஐ.நா., ஜெனீவா எண்டு தலைப்புப் போட்டா மட்டும்தான் எழும்புது."

புலம்பெயர்ந்த எங்கள் சனத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. 2022இல் மருந்தில்லாமல், காஸ் இல்லாமல், எண்ணெய் வரிசையில் நின்ற காலத்தில் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது அவர்கள் அனுப்பிய காசில். அவர்களுக்கு ஊர் என்றால் உயிர். ஆனால் அவர்கள் பிரிந்துபோன ஊருக்கும் நான் இன்றைக்குக் காலையில் மீன் வாங்கின ஊருக்கும் இடையில் முப்பது வருட வித்தியாசம் இருக்கிறது. சுருக்குவலைக்காரரும் கரைவலைக்காரரும் மோதிக்கொள்கிற கடலில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் தொழில் செய்கிறார்கள். அதைச் சொன்னால் யார் நல்லவர் யார் கெட்டவர் என்று ஒரு வரியில் முடிக்க முடியாது. முத்துநகர் விவசாயிகளின் வயல் காணி சூரிய மின்திட்டத்துக்குப் போகிறது என்று அவர்கள் போராடினார்கள். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் எப்படிப் பிரித்தார்கள், எத்தனை லங்கா ஐஓசிக்கு, எத்தனை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, எத்தனை இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? முறையே 14, 24, 61. எங்கள் முற்றத்தில் இருக்கிற 99 தாங்கிகள். அந்தத் தம்பி இதை விளக்கி ஒரு காணொளி செய்தால் ஒரு கிழமை வேலை, வருமானம் ஒன்றும் இல்லை.

ஆகவே அவர் கேபிளில் இருந்து வெளியே வந்தாலும் சம்பளம் கொடுப்பவரிடமிருந்து வெளியே வரவில்லை. முன்னர் கொழும்பில் இருந்த செய்தி ஆசிரியர் எது செய்தி என்று சொன்னார். இப்போது ஸ்காபரோவிலும் லண்டனிலும் இருக்கிற பார்வையாளர் சொல்கிறார். இரண்டு இடத்திலும் திருகோணமலை இல்லை.

இங்கிருந்து ஒருவர் மெஹ்தி மாதிரிச் செய்ய நினைத்தாலும் தொழில்நுட்பமே தடுக்கிறது. சப்ஸ்டாக் என்ற எழுத்துத் தளத்தில் சந்தா வாங்க, இணையத்தில் காசு வாங்கித் தருகிற ஸ்ட்ரைப் கம்பனியில் கணக்கு வேண்டும். ஸ்ட்ரைப் இலங்கையில் கணக்குத் திறக்க இடம் கொடுப்பதில்லை. ஆகவே பலரும் செய்வது, வெளிநாட்டில் இருக்கிற தமையன் பெயரிலோ சிநேகிதன் பெயரிலோ கணக்கைத் திறப்பது. காசு வருகிற வாசலின் திறப்பு இன்னொருவர் கையில் போய்விடுகிறது.

பாதுகாப்பு என்று இன்னொன்று இருக்கிறது, அதை அமெரிக்கக் கதைகளில் யாரும் பேசுவதில்லை. மெஹ்தி வெளியேறும்போது அவருக்குச் சட்டத்தரணிகள் இருந்தார்கள், பெயர் இருந்தது. இங்கே அரசாங்கத் தகவல் திணைக்களம் கொடுக்கிற ஊடக அடையாள அட்டைக்கே ஒரு நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். தனி ஆளாக யூடியூப் செய்கிறவர் மாவட்டச் செயலக வாசலில் கமராவோடு நின்றால் "நீ யார்?" என்பதுதான் முதல் கேள்வி. இணையத்தில் பேசுவதைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மேல் தொங்குகிறது. விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வருவது வடக்கு கிழக்கில் எழுதுகிறவர்களுக்குப் புதிதல்ல.

நான் பத்திரிகைக்கு எழுதிய காலத்தில் பிராந்தியச் செய்தியாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்கு அளந்து கொடுப்பார்கள், அதுவும் மாதங்கள் பிந்தி. பஸ் காசு, போன் காசு எங்களுடையது. அப்படி ஒரு வேலையைச் செய்தவர்தான் சுடர் ஒளிப் பத்திரிகையின் சுகிர்தராஜனும். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். தங்கள் கைக்குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. சுடர் ஒளியில் அவை வந்தன. ஜனவரி 24ஆம் திகதி அவரை இந்த நகரத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அவருடைய படங்கள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கையில் இன்றைக்கு என்ன இருந்திருக்கும்? அவ்வளவு பெரிய வேலையை அவர் செய்தபோது இந்த ஊர் அவருக்கு என்ன கொடுத்தது என்று யோசித்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பத்திரிகை வாங்கிய காசில் ஒரு சில சதம். அவ்வளவுதான் எங்களிடமிருந்து அவருக்குப் போனது. நாங்கள் காசு கொடுக்கவில்லை என்பதால் அவர் எங்கள் ஆள் இல்லாமல் போகவில்லை, உண்மை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் தானாக முளைப்பார்கள் என்று ஒரு ஊர் நம்பிக்கொண்டே இருக்க முடியாது.

அதனால்தான் அந்தத் தம்பியோடு திரும்பத் திரும்ப இதைக் கதைத்து வருகிறேன். எங்கள் யோசனை சின்னது. கிழமைக்கு ஒரு தடவை, திருகோணமலை மாவட்டத்தைப் பற்றி மட்டும், குரல் பதிவாகவும் காணொளியாகவும் ஒரு நிகழ்ச்சி. பார்க்க, கேட்க ஒருவரிடமும் காசு கேட்பதில்லை. வேலி இல்லை. விரும்புகிறவர்கள் மாதம் 100 ரூபா, உள்ளூர் வங்கிக் கணக்கில். ஒரு போன் ரீலோட் காசு. கிண்ணியாவில் இருந்து ஒருவரும் மொறவெவப் பக்கமிருந்து சிங்களத்தில் செய்தி அனுப்பக்கூடிய ஒருவரும் சேர வேண்டும் என்பது என் பிடிவாதம். தமிழ் ஆட்கள் மட்டும் கட்டி, தமிழ் ஆட்கள் மட்டும் கேட்டால் பெக் செய்ததைத்தான் நாங்களும் செய்வோம். வெளிநாட்டுக் காசு வரட்டும், ஆனால் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கணக்கை மாதாமாதம் எல்லோரும் பார்க்கப் போட வேண்டும். மச்சானிடம் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் கோபம். "எங்கட காசு உங்களுக்குக் கசக்குதோ?" என்று கேட்டார். கசக்கவில்லை மச்சான், எங்கள் ஆட்களும் போட வேண்டும் என்றுதான் என்றேன். அடுத்த நாள் திரும்ப எடுத்து, சரி, பாதிக்கு நான் ஆள் பிடிக்கிறேன் என்றார்.

தம்பிக்கு இன்னும் பயம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், யூடியூப் வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆகவே தன்னுடைய சேனலை விட வேண்டாம், இதைப் பக்கத்தில் தொடங்குவோம் என்று முடிவு. 100 ரூபா கட்ட எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு என் பழைய மாணவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. முதல் நிகழ்ச்சி சுருக்குவலை. வருகிற ஞாயிறு திருக்கடலூரில் மீனவர்களைச் சந்திக்கிறோம், அதற்கடுத்த கிழமை கிண்ணியாவில். உங்களில் யாருக்காவது கொட்பேயில் தொழில் செய்கிற சிங்கள மீனவர்களைத் தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள், அவர்களோடும் கதைக்காமல் அதை வெளியிட மாட்டோம்.